தவமணியின் கடவு

முதலில் அது ஒரு வேலிதான், ஊரானது அப்புறம். வேல்ஸ் என்கிற அந்த மழைக்காரச் சீமையின் கடலோரத்தில் ஒரு தகப்பன் இருந்தான். தத்தித் தத்தி நடக்கிற மகன் அலைக்குள் இறங்கிவிடுவானோ என்கிற பயத்தில் இளங்கொம்புகளாக வெட்டி, நட்டுவைத்த கழிகளுக்கு முன்னும் பின்னுமாக வளைத்துப் பின்னி வீட்டைச் சுற்றி ஒரு வேலி கட்டினான். அப்படிப் பின்னிய வேலிக்கு அவர்கள் பாஷையில் பாங்கோர் என்று பேராம். மகன் வளர்ந்தான். வளர்ந்த பிள்ளையை எந்த வேலி நிறுத்தியிருக்கிறது? புறப்பட்ட அன்று ஊன்றிக்கொண்டு நடக்க ஒரு கோல் வேண்டுமென்று, தன்னை நிறுத்தக் கட்டிய அதே வேலியிலிருந்தே ஒரு கொம்பை உருவிக்கொண்டு கப்பலேறிப் போனான், படுபாவி.

அவன் உருவிய இடத்தில் பக்கத்துக் கொம்புகள் தாமாக ஒதுங்கி, ஒரு ஆள் முகம் வைக்கிற அளவுக்கு வழி விட்டன. தகப்பன் அந்தக் கடவில் முகத்தை வைத்து அழுதுகொண்டே கிடந்தான். ஒருநாள் அந்தக் கடவிலிருந்து அந்த ஊருக்குச் சொந்தமில்லாத ஒரு காற்று வந்தது. மகன் அயர்லாந்துக் கரையில் கோலை ஊன்றியிருந்தான். அங்கே அடிக்கிற காற்று இங்கே வந்து தகப்பன் மீசையை அசைத்தது. கோல் அங்கே துளிர்த்து வேலியாயிற்று, வேலி இருந்ததால் அந்த இடத்துக்கும் பாங்கோர் என்றே பேராயிற்று. அதற்குப் பிறகு அந்த ஊரில் யார் புறப்பட்டாலும் ஒரு கொம்பு, யார் போனாலும் ஒரு கடவு என்று வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் மரம் அறுக்கிற ஆற்றங்கரையில் ஒரு பாங்கோர், கனடாவில் கோதுமை விளைகிற வெறும்வெளியில் ஒரு பாங்கோர், ஆஸ்திரேலியாவில் ஆட்டுமந்தைகளுக்கு நடுவில் ஒரு பாங்கோர் என்று பேர் உலகமெல்லாம் படர்ந்தது. போனவன் செத்தால் அவன் கடவில் காற்று நின்றுவிடும், அப்போது பெற்றவர்களோ உடன்பிறந்தவர்களோ தங்கள் கையால் அதைப் பின்னி அடைக்க வேண்டும். அடைக்க ஆளில்லாத அளவுக்கு எல்லாரும் போய்விட்டார்கள் என்பதால் தாய் ஊரில் இன்றைக்கு வேலியே கிடையாது, பேர் மட்டும்தான் நிற்கிறது என்கிறார்கள்.

அந்தக் கொம்புகளில் ஒன்று இலங்கை மலைநாட்டுக்கு வந்தது. ஈவன் துரை என்று மீசை முளைக்காத ஒரு வெள்ளைக்காரப் பொடியன், குளிர்காட்டை வெட்டித் தேயிலை போட வந்தவன், கையோடு கொண்டுவந்து கூலிச் சனத்தின் வரிசைவீடுகள் இருந்த லயத்து மேட்டில் ஊன்றினான். நம் சனங்களின் வாயில் அது பாங்கூர்த் தோட்டமாயிற்று. துரை மூன்றாம் மழைக்குள்ளே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான், பங்களாவுக்குக் கீழே சமாதி இருக்கிறது. அந்தக் காலமெல்லாம் அவனைப் பெற்றவள் சீமையில் கடவோரம் உட்கார்ந்து நம் மலையின் அடைமழையில் நனைந்துகொண்டே இருந்தாளாம். அவன் கண் மூடிய அன்று அவள் சேலை காய்ந்துபோயிற்றாம். சேலையா கட்டுவார்கள் வெள்ளைக்காரிகள் என்று கேட்காதீர்கள், லயத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

துரை போனாலும் வேலி நின்றது. கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் குச்சிகளைக் கொண்டுவந்து நம் பெண்டுகள்தான் அதை வருஷா வருஷம் பின்னி வளர்த்தார்கள். லயத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அதன் பேருக்கு ஒரு குச்சி வேலியில் ஏறும். மஞ்சள் தடவிப் பின்னிவிட்டு, "ஒன்னய இங்க நட்டாச்சு, ஓடிராத" என்று பிள்ளையின் காதில் சொல்வார்கள். அப்படித் தன் மகள் தவமணியின் குச்சியைத் தன் கையால் பின்னியவள்தான் செவனம்மா. கொழுந்தெடுப்பதில் மலைக்கே முந்தியவள், புருஷனை இளவயதில் பறிகொடுத்தவள், கோபக்காரி, ஒற்றைப் பிள்ளைக்காரி.

அந்தப் பிள்ளையைத்தான் காகிதம் பிரித்தது. கொழும்பிலும் டில்லியிலும் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, ஒருகாலம் அக்கரையான இந்தியாவிலிருந்து வந்த இந்தச் சனத்தில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். லயத்து அறையான ஒரே காம்பராவில் ஒரே சட்டியில் தின்றவர்களில் செவனம்மா இந்த நாட்டுக்காரி என்றும், தவமணியும் அவள் புருஷன் மருதையும் இந்தியாக்காரர்கள் என்றும் ஆயிற்று. லயமே அழுது ஓய்ந்திருந்த காலம் அது, வாரம் தவறாமல் யாராவது கோச்சி ரயில் ஏறினார்கள். வேலியில் கடவுகள் பல் விழுந்த வாய் மாதிரி பெருகின.

புறப்படுகிற அன்று காலையில் தவமணி வேலிக்கு வந்து தன் குச்சியை உருவினாள். அது லேசில் வரவில்லை. தாயும் மகளுமாகச் சேர்ந்து இழுத்தார்கள்.

"அம்மா, அழுவாத. அங்கயும் தேயிலதானாம். நீலகிரின்னு மலையாம், இதவிடக் குளிராம், காம்பராகூட புதுசாக் கட்டி வச்சிருக்காங்களாம். போனதும் குச்சிய ஊண்டிருவேன். கடவுல குளுகுளுன்னு காத்து வரும் பாரு, வந்தா மக நல்லாருக்கான்னு நெனச்சுக்க."

"வரலேன்னா?"

"வரும்மா. ஏம்மா வாய வைக்கிற?"

செவனம்மா மகளின் தலைத்துண்டை இழுத்து முடிந்துவிட்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. கோச்சி ஊதியபோது அவள் ஸ்டேஷனில் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணிச் சட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் வற்றிச் சட்டி தீய்ந்த பிறகுதான் இறக்கினாள்.

ஊன்றாத குச்சிக்குக் காற்றில்லை. நாளெல்லாம் கொழுந்தெடுத்துவிட்டு வந்து கடவில் முகம் வைப்பாள். ஒன்றும் வராது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மலைநாட்டு ஐப்பசி தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்ல? போட்ட துணி காயாது, கட்டின விறகு எரியாது, கம்பளி பூத்துப்போகும், காலில் அட்டை ஏறும், பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுவது நிற்காது. அப்படி ஊறிப்போன ஒரு காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போகிற வழியில் செவனம்மா கடவில் முகம் வைத்தாள். முகத்தில் அறைந்தது வெயில்.

குளிர்காற்று இல்லை, வெயில். காய்ந்த மண்ணும் கருவேல முள்ளும் மணக்கிற, தொண்டையை உலர்த்துகிற அனல். அவள் அலறிய அலறலில் லயமே கூடிவிட்டது.

சடையன் கங்காணி சின்ன வயதில் அக்கரையிலிருந்து வந்தவர், அங்கத்து மண் தெரிந்தவர். குனிந்து மோந்து பார்த்தார்.

"இது மலக்காத்து இல்ல தங்கச்சி. பொட்டக்காடு. புள்ளைகள மலைக்குக் கொண்டுபோகல போலருக்கு."

"அய்யோ, குளிரும்னு கம்பளியக் குடுத்து அனுப்புனேனே!" என்று செவனம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கரைக்கு இக்கரை பச்சை என்பார்கள், அவள் மகளுக்கு அக்கரையில் பச்சை என்று ஒரு இலைகூட இல்லை.

அன்றைக்கு எல்லாரும் அவளோடு அழுதார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை நிற்கவில்லையே. மறுநாள் கைப்பிள்ளைக்காரி ரஞ்சிதம், பக்கத்துக் காம்பராக்காரி, ஈரத் துணியோடு கடவுக்கு முன்னால் தயங்கித் தயங்கி நின்றாள். இவள் புருஷனும் கொழும்புக்குக் கூலிக்குப் போனவன்தான், திரும்பவில்லை. அவன் கடவில் சாக்கடை வாசம் மட்டும் வரும்.

"பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. புள்ளைக்குக் கட்டத் துணியில்ல. ஒண்ணே ஒண்ணு காயவச்சு எடுத்துக்கிறவா?"

செவனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துணி கண் மூடித் திறப்பதற்குள் மொறமொறவென்று காய்ந்தது. அவ்வளவுதான், இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கதைதான் அப்புறம். ஒருத்தி சேலை கொண்டுவந்தாள், ஒருத்தி கம்பளி கொண்டுவந்தாள், ஒருத்தி விறகை அடுக்கினாள், ஒருத்தி மிளகாயைப் பரப்பினாள், வெட்கமில்லாமல் ஒருவன் கருவாடு கொண்டுவந்து தொங்கவிட்டான். பிள்ளை பெற்றவளை முதுகு காட்டி உட்காரவைத்தார்கள். மூட்டுவலிக் கிழடுகள் காலை நீட்டிக்கொண்டன. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்கூடக் கூடையில் ஈரத் துணியோடு ஏறி வந்தார்கள். அந்த வருஷம் பாங்கூரில் ஒரு பிள்ளைக்கும் மார்ச்சளி கட்டவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் தன் மருந்தின் மகிமை என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

தவமணி வெயில் என்று அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள். "இன்னிக்கித் தவமணி வெயில் எப்பிடி?" "நல்லாக் காயுது புள்ள, சீக்கிரம் போ." இதைக் கேட்கக் கேட்க செவனம்மாவுக்கு வயிறு எரியும். ஒருநாள் தாங்கமாட்டாமல், கொடியில் கிடந்த அத்தனையையும் இழுத்துச் சேற்றில் எறிந்தாள்.

"எம்மக அங்க வேவுறா! நீங்க இங்க கருவாடு காயப்போடுறீங்க! ஒங்களுக்கெல்லாம் பெத்த வயிறு இல்லியா? அவ வெயில்ல நின்னுதான்டி ஒங்க சேல காயுது!"

எல்லாரும் குனிந்து சேற்றிலிருந்து துணிகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாள் ஒருவரும் வரவில்லை. லயம் முழுக்க ஈர வாடை அடித்தது. ரஞ்சிதத்தின் பிள்ளை இருமுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. ஒரு மாலையில் செவனம்மா எழுந்து போய் அந்தக் காம்பராவின் கதவுக்கு வெளியே கிடந்த ஈரத் துணிகளைத் தானே அள்ளிக்கொண்டு வந்து கடவில் விரித்தாள். உலை வாயை மூடலாம், பிள்ளை இருமலை எதைக் கொண்டு மூடுவது? மறுநாள் கருவாடு உட்பட எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

அவள் வேண்டுதல் மட்டும் மாறவில்லை. தினம் விடிகாலையில் எல்லாருக்கும் முன்னால் போய்க் கடவில் கன்னத்தை வைப்பாள். "முருகா, இன்னிக்காவது குளிரணும். எம்புள்ள மலைக்குப் போயிருக்கணும்." காற்று சுடும். "சரி, நாளைக்கி" என்பாள். உள்ளேயிருந்து எடுத்துவந்த தண்ணீரைக் கடவு வழியே கை நிறைய அள்ளி எறிவாள், அந்தப் பக்கம் போய் மகள் காலடியிலாவது விழட்டுமென்று. அது வேலிக்கு வெளியே தேயிலைத் தூரில்தான் விழும். லயத்தில் சிலர் அவளைப் பார்த்து உள்ளூர ஒரு கணக்குப் போட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்று குளிர்ந்துவிட்டால் துணிக்கு என்ன செய்வது என்று அவர்களுக்கும் கவலை இருந்தது, வெளியே சொல்லத்தான் வெட்கம்.

பிறகு காற்றில் ஒரு புது வாசம் கலந்தது. புகை. சடையன் கங்காணி மறுபடி மோந்து பார்த்தார்.

"கரிமூட்டம் போடுறாங்க. கருவேல மரத்த வெட்டி அடுக்கி, மண்ணப் பூசி மூடி, உள்ள தீ வச்சுக் கரியாக்குறது. பொழப்பு கெடச்சிருக்கு தங்கச்சி, பட்டினி இல்ல. அத நெனச்சுச் சந்தோசப்படு."

"சூடான வேலையா ஐயா?"

கங்காணி பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதனால் வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டார்.

அடுத்த வருஷத்து மழையில் ரஞ்சிதத்தின் பிள்ளை படுத்துவிட்டது. சளி கட்டி, மூச்சு இழுத்து, உடம்பு சில்லிட்டுக் குழந்தை நீலம் பாரித்துப்போயிற்று. கீழே டவுனுக்குக் கொண்டுபோகலாமென்றால் ரோட்டில் மலை சரிந்து கிடந்தது. உச்சிப்பொழுதிலும் விளக்கேற்ற வேண்டிய இருட்டு. ரஞ்சிதம் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு மழையில் ஓடிவந்து கடவுக்கு முன்னால் விழுந்தாள்.

"பெரியம்மா, சூடு பத்தல. ஒங்க மக வெயிலு இன்னிக்கி ஏன் இப்பிடித் தணிஞ்சு கெடக்கு? புள்ள போயிரும் போலருக்கே!"

உண்மைதான், அன்றைக்குக் காற்று மந்தமாக இருந்தது. இத்தனை நாள் செவனம்மா கேட்டதெல்லாம் இந்தத் தணிவைத்தானே. வேறொரு நாளென்றால் தேத்தண்ணி போட்டு லயத்துக்கே சீனி அள்ளிக் கொடுத்திருப்பாள். இப்போது மடியில் அந்தப் பிள்ளையை வாங்கிப் பார்த்தாள். உதடு கறுத்திருந்தது, கண் செருகியிருந்தது. தவமணியும் ஒருகாலம் இதே கனம் இருந்தாள். செவனம்மா பிள்ளையைக் கடவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவள் வாயிலிருந்து வந்தது இதுதான், லயத்தில் நின்ற எல்லாரும் கேட்டார்கள்:

"தவமணி, தாயி, கொஞ்சம் சுட வையி. இந்தப் புள்ளைக்காக. இன்னிக்கி ஒரு நாளு நல்லா சுட வையி."

வந்தது சூடு. அப்படி ஒரு சூட்டை அந்த மலை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கடவோரத்துக் குச்சிகள் படபடவென்று வெடித்தன, மழை பாதி வழியிலேயே ஆவியாயிற்று, நின்றவர்களின் சேலைகள் உடம்பிலேயே காய்ந்தன. பிள்ளை ஒருமுறை உதறியது, இருமியது, வீறிட்டு அழுதது. ரஞ்சிதம் சிரிப்பும் அழுகையுமாகச் செவனம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் காற்றோடு வெள்ளையாய், பூப்போல, சாம்பலும் வந்தது. பிள்ளையின் மேல், கூந்தலின் மேல், வேலியின் மேல் எல்லாம் இறங்கியது. "முருகா! விபூதிடீ! கதிர்காமத்தான் விபூதி அனுப்பிட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. செவனம்மா உள்ளங்கையை நீட்டி அந்தச் சாம்பலை ஏந்தினாள், பிள்ளையின் நெற்றியில் இட்டாள், ரஞ்சிதத்துக்கு இட்டாள், வரிசையாக வந்தவர்களுக்கெல்லாம் இட்டாள், மிச்சத்தைத் தன் நெற்றியில் அழுத்திப் பூசிக்கொண்டாள். மகள் தன் பேச்சைக் கேட்டாள் என்கிற பூரிப்பு அவள் முகத்தில். "கேட்டுச்சுடி அவளுக்கு! கடல் தாண்டி எங்கொரலு கேட்டிருக்கு!"

மாலையில் காற்று நின்றது.

தணியவில்லை, குளிரவில்லை, நின்றது. செவனம்மா கன்னத்தை வைத்தாள், மறுகன்னத்தை வைத்தாள், ஈர விரலை நீட்டிப் பார்த்தாள். கடவுக்கு அந்தப் பக்கம் பாங்கூரின் மழைதான் பெய்தது. "தூங்குது" என்றாள். மறுநாளும் தூங்குது என்றாள். பிரட்டுக்குப் போகவில்லை, சோறு வைக்கவில்லை, கடவோரத்திலேயே கிடந்தாள். நாலு நாள் பார்த்துவிட்டுச் சடையன் கங்காணி அவள் பக்கத்தில் வந்து சேற்றிலேயே குந்தினார். கையில் நாலைந்து கவ்வாத்துக் குச்சி.

"தங்கச்சி, வழக்கம் ஒனக்குத் தெரியும். பெத்தவ கையாலதான் அடைக்கணும். இல்லாட்டி அந்த உசுரு உள்ள வரவும் முடியாம வெளிய போகவும் முடியாம வேலியச் சுத்தும்."

"காத்து தூங்குதுங்க ஐயா. எழும்பும்."

கங்காணி வேலியைத் தடவினார். கடவோரத்துக் குச்சிகள் கரிந்திருந்தன. அவற்றில் ஒட்டிக்கிடந்த சாம்பலை விரலில் தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று முன்பே சொன்னேன்.

"மூட்டம் சில நேரம் பிரிஞ்சுக்கும்மா. மேல ஏறி மண்ணு பூசும்போது காலு உள்ள போயிரும். நான் சின்ன வயசுல பாத்திருக்கேன்."

செவனம்மா அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டாள். நாலு நாளாகக் குளிக்காத நெற்றி, அதில் பூசியது அப்படியே இருந்தது. துடைக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை, கை அங்கேயே நின்றுவிட்டது. "நானே கேட்டேனே ஐயா. சுட வையின்னு நானே கேட்டேனே" என்றாள்.

அன்று மாலை அவளே பின்னினாள். முன்னும் பின்னுமாக, முன்னும் பின்னுமாக, மகளுக்குச் சடை போடுகிற கையோடு. லயத்துச் சனம் ஆளுக்கொரு குச்சி எடுத்து நீட்டியது. நெற்றிகளை எல்லாரும் கழுவாமலே வந்திருந்தார்கள். கடைசிக் குச்சிக்கு மஞ்சள் தடவி, வேலியின் காதில் என்று நினைத்தாளோ என்னவோ, வாயை வைத்து என்னமோ சொன்னாள். இத்தனை நாள் ஏறெடுத்தும் பார்க்காத ஈவன் துரையின் சமாதிக்குத் திரும்புகிற வழியிலே போய் ஒரு தேயிலைப் பூவைக் கிள்ளி வைத்துவிட்டு, "ஒங்கம்மா யாரு கூட அழுதாளோ சாமி" என்றாள். பிறகு காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையிலும் மழை. கதவைத் திறந்த செவனம்மா, ரஞ்சிதம் இடுப்பில் பிள்ளையும் கையில் ஈரத் துணிகளுமாக வேலியோரம் நிற்பதைப் பார்த்தாள். அடைத்த இடத்தின் மேல் அவள் பிள்ளைத் துணிகளை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி சேலையோடு, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி கம்பளியோடு.

"அங்க இனிமே வெயில் இல்லடி" என்றாள் செவனம்மா.

"தெரியும் பெரியம்மா" என்றாள் ரஞ்சிதம். திரும்பிப் பார்க்காமலே இன்னொரு துணியை உதறி விரித்தாள். "இருக்கட்டும்."

மழை துணிகளின் மேல் பெய்தது. யாரும் எடுக்கவில்லை.